வீட்டு பேட்டரி

சிம்பாங் ரெங்கம் பக்கத்தில், நெடுஞ்சாலை ஓய்விடத்தில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து பார்த்தால், கரண்டில் சூடாகும் சின்ன மெத்தையின் சிவப்பு விளக்கு அணைந்து கிடந்தது. அதன்மேல் வைத்திருந்த மருந்துத் தண்ணீர்ப் பையைத் தொட்டேன். ஒரு மனிதனின் வயிற்றுக்குள் விடுகிற சூடு அதில் இல்லை. வண்டிச் சுவரில் பதித்த பேட்டரி மீட்டர் பதினொரு வோல்ட்டுக்கும் கீழே காட்டியது. கூலாயில் கிளம்பியதிலிருந்து வண்டி ஓடிக்கொண்டேதான் வந்தது. வண்டி ஓடினால் பேட்டரி நிறைந்துகொண்டு வர வேண்டும். இது காலியாகிக்கொண்டே வந்திருக்கிறது. நான் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். பாதி ஆயுசு பேக்டரி வேன் ஓட்டியவள், எனக்கு அதெல்லாம் நன்றாக வரும்.

என் வீட்டுக்காரர் மனோகரனுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. வயிற்றில் வைத்திருக்கிற குழாய் வழியாக ஒரு பை தண்ணீரை உள்ளே விட வேண்டும், சில மணி நேரம் கழித்து அழுக்கோடு அதை வெளியே எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். தினமும் நாலு தடவை. வீட்டிலேயே செய்துகொள்கிற டயாலிசிஸ். தண்ணீர் உடம்புச் சூட்டுக்கு வரவில்லை என்றால் வயிறு பிடித்து இழுக்கும், உடம்பு நடுங்கும். இதோடு வெளியூர் போகலாமா என்று கேட்டபோது ஆஸ்பத்திரி நர்ஸ், மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம், சிரித்தாள். “ஏன் ஆன்ட்டி போகக்கூடாது? கை சுத்தமா இருக்கணும், எடம் சுத்தமா இருக்கணும், தண்ணி சூடா இருக்கணும். அவ்ளோதான் லா” என்றாள். முதல் இரண்டுக்கும் நான் பொறுப்பு. மூன்றாவதை அந்த பேட்டரியை நம்பி விட்டிருந்தேன்.

மெத்தையின் ஒயரை முன்சீட்டுப் பக்கத்து சொக்கெட்டில் செருகிப் பார்த்தேன். அது இழுத்த இழுப்பில் ஃபியூஸ் போய்விட்டது. பையை வெந்நீரில் போடக்கூடாது என்று மிஸ்ஸி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைக்கலாம் என்றால் அன்றைக்கென்று வானம் மூடிக் கிடந்தது. கடைசியில் உறை பிரிக்காத பையைச் சட்டைக்குள் விட்டு, சாரோங் கைலியைச் சுற்றிக்கொண்டு, அடைகாக்கிற கோழி மாதிரி உட்கார்ந்தேன். நேரம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. “போதும், தண்ணிய விடு” என்றார் அவர். விட்டோம். பாதி போவதற்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு பல்லைக் கடித்தார். நடுக்கத்தில் கட்டில் ஆணி சத்தம் போட்டது. நான் அவர் பாதத்தைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் முடிந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: “வண்டிய திருப்பு.”

மெர்சிங் கடலைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தோம். பாதி வழிகூடப் போகவில்லை.

இந்த வேனில்தான் கூலாய் தாமான் குடியிருப்புகளிலிருந்து செனாய் பேக்டரிகளுக்கு ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் ஏற்றி இறக்கினேன். ரிடையர் ஆனதும் சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு கட்டில், ஒரு சின்னக் கழுவுதொட்டி, ஒரு பிரிட்ஜ் வைத்தோம். ஒயரிங் முழுக்க அவர் கைவேலை. அதே பேக்டரி ஒன்றில் மெஷின் பழுது பார்த்தவர் அவர். என்ஜினுக்கு ஒரு பேட்டரி; விளக்கு, மின்விசிறி, பிரிட்ஜுக்கு இன்னொன்று. அந்த இரண்டாவதற்கு வீட்டு பேட்டரி என்று அவரே பெயர் வைத்தார். நடுவில் ஒரு பெட்டி. வண்டி ஓடும்போது என்ஜின் பக்கமிருந்து கரண்டை வாங்கி வீட்டு பேட்டரியை நிரப்புவது அதன் வேலை. எல்லாம் முடித்து, ஒரு நல்ல பயணம் போவதற்குள் அவர் கிட்னி போய்விட்டது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, வீடு, ஆஸ்பத்திரி. மெர்சிங் போலாமா புஷ்பா என்று அவராகத்தான் கேட்டார். நோய் வந்த பிறகு அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் ஆசை அது.

திரும்பி வந்ததும் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ராஜம்மா அண்ணிக்குத் தெரிந்தால் அப்படித்தான். என் வீட்டுக்காரரின் மூத்த அக்கா அவர். அடுத்த லோரோங் தெருவில் தனியாக இருக்கிறார். அம்மா இல்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர். அந்த உரிமையில் எங்கள் வீட்டுக் கதவை அவர் ஒரு நாளும் தட்டியது கிடையாது, நேராக உள்ளே வந்துவிடுவார். இந்த வண்டி விஷயத்தில் ஆரம்பத்திலிருந்தே எங்களுக்குள் இழுபறிதான். போன ஆயுத பூஜைக்கு மஞ்சள் துணியில் கல்லுப்பைக் கட்டிக் கொண்டுவந்து, கண் பட்டுவிடும் என்று முன் கண்ணாடியில் தொங்கவிட்டார். ஓட்டுகிறவள் கண் முன்னால் ஒரு மூட்டை ஆடிக்கொண்டிருந்தால் ரோடு எப்படித் தெரியும்? அன்றைக்கே அவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர், மறுநாள் வண்டிக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்று சமாதானமாகத் திரும்பி வந்தார். நானும் பெரிய மனது பண்ணிச் சாவியைக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சுவர் சொக்கெட்டிலிருந்து ஒயர் இழுத்துச் செருகியதும் வீட்டு பேட்டரி சமத்தாக நிறைந்தது. அதுதான் எரிச்சலே. வீட்டில் நின்றால் நிறைகிறது, ரோட்டில் ஓடினால் தீர்கிறது.

“பாத்தியா?” என்றார் அண்ணி. “அதுக்கே வீட்ட விட்டு போகப் புடிக்கல. சாமியே வேணாங்குது. நீதான் கேக்க மாட்டேங்குற.”

“சாமிக்கு வேற வேல இல்லையா அண்ணி, எங்க பேட்ரிய வந்து பாத்துக்கிட்டு இருக்க?”

சிங்கப்பூரிலிருந்து மகன் ரூபேந்திரன் போன் போட்டான். நல்ல பையன்தான், பயந்தவன். “ம்மா, அப்பாவ வச்சிக்கிட்டு ரிஸ்க் எடுக்காதீங்க. வண்டிய வாங்கிக்க ஒரு ஆளு இருக்காரு, நான் பேசிட்டேன்” என்றான்.

“வண்டி யாரு பேருல இருக்கு?”

“உங்க பேருல.”

“அப்ப நான் பேசல. நீ பேசுனது செல்லாது” என்று போனை வைத்தேன்.

அவனை அடக்கிவிடலாம், அண்ணியையும் அடக்கிவிடலாம். என் வீட்டுக்காரரை என்ன செய்ய? வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர், நேரத்துக்கு எழுந்து பை மாற்றுவதோடு சரி. சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு வைத்துவிடுவார். “பேட்ரி மாத்திடலாங்க” என்று ஒருநாள் சொன்னபோது, திரும்பாமலே சொன்னார்: “இன்னொரு தடவ அப்படி ஆச்சுன்னா நான் கேக்கவே மாட்டேன் புஷ்பா. இனிமே எதையும் கேக்க மாட்டேன்.” அவர் கிட்னி போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. ஆசைப்படுவதை விட்டுவிட்ட மனிதனுக்கு எந்தத் தண்ணீரை எந்தச் சூட்டில் விட்டு என்ன புண்ணியம்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை, அதனால் பேட்டரிமேல் வைத்துக்கொண்டேன்.

தாமானில் வண்டி பழுது பார்க்கிற போர்மேனிடம் கொண்டுபோனேன். புது பேட்டரி போட்டார். சரியாகவில்லை. ஸ்கூடாயில் வேறொருவர் மீட்டரை வைத்துப் பார்த்து, எல்லா இடத்திலும் பதினாலு வருகிறது, குறை ஒன்றும் இல்லை என்றார். மேலே சோலார் போட்டுவிடுங்கள் அக்கா என்று யோசனையும் சொன்னார். வண்டி ஓடும்போது ஏன் நிறையவில்லை என்று கேட்டால், சோலார் விலையைச் சொன்னார். வண்டியைத் திரும்ப வீட்டுக்கு ஓட்டிவரும்போது மீட்டர் என் முதுகுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரருடைய டூல்ஸ் பெட்டியிலிருந்து மீட்டரை எடுத்துக்கொண்டு நானே வண்டிக்குள் ஏறினேன். வண்டி அவர் படுத்திருக்கிற அறை ஜன்னலுக்கு நேராகத்தான் நிற்கும். பெஞ்சுப் பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தேன், அது சரிந்து விழுந்தது. நான் எடுத்து வைக்கவில்லை. கொஞ்சம் சத்தம் இருக்கட்டும் என்று விட்டேன். பேட்டரி நிரப்புகிற பெட்டியின் சிவப்பு வாயில் மீட்டரின் ஒரு கம்பி, கறுப்பு வாயில் ஒரு கம்பி.

“அலமாக், இங்கயும் பதினாலுதாங்க காட்டுது!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். “எல்லாம் சரியாத்தான் இருக்கு. சோலாரே போட்டுரலாம் போலருக்கு!”

பிறகு ஜன்னலிலிருந்து குரல் வந்தது. “பெட்டி வேல செய்யாதப்ப வச்சா பதினாலு காட்டாம என்னா செய்யும்? என்ஜினாச்சும் ஓடுதா?”

“இல்ல, பெட்டிக்கு மட்டும் சாவி திருப்பி வெச்சேன்—”

“என்ஜின் ஓடலன்னா பதினாலே வராதே. பொய் சொல்றியா?”

மாட்டிக்கொண்டேன். மீட்டரில் என்ன வந்தது என்று நான் இன்னும் பார்க்கக்கூட இல்லை. “சரி, பன்னெண்டரை” என்றேன்.

ஜன்னலில் அவர் முகம் வந்தது. பல நாளுக்குப் பிறகு வெளிச்சத்தில் பார்த்தேன், தாடி வெளுத்திருந்தது. “என்ஜின ஓட விடு. பெட்டி வேல செய்ய ஆரம்பிச்ச பெறகு பாரு” என்றார்.

ஓட விட்டேன். பெட்டியின் விளக்கு பச்சைக்கு வந்தது, ஒரு நொடியில் சிவந்தது, மறுபடி பச்சை.

“இப்ப எவ்ளோ?”

“பத்து... பத்தரை. ஏறுது, எறங்குது.”

“கறுப்பு கம்பிய அங்கேருந்து எடு. சீட்டு ஓடுற தண்டவாளம் இருக்குல்ல, பெயிண்ட் இல்லாத எடமா பாத்து அதுல வை. செவப்ப அசைக்காத.”

வைத்தேன். மீட்டர் பதினாலைத் தொட்டு அங்கேயே நின்றது. இந்தத் தடவை நான் கத்தவில்லை, மெதுவாகச் சொன்னேன். ஜன்னலில் முகம் இல்லை. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சாரோங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, என் செருப்பைப் போட்டுக்கொண்டு, அவர் வாசலைத் தாண்டி வந்தார். வண்டிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கண் மட்டும் பெட்டியின்மேல் இருந்தது.

“கரண்டு வர்ற வழி நல்லாத்தான் இருக்கு. திரும்பிப் போற வழிதான் அடைச்சிருக்கு. அந்த கறுப்பு ஒயரு எந்த போல்ட்டுல முடியுதுன்னு கைய விட்டுப் பாரு” என்றார்.

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. வீட்டில் சுவரிலிருந்து வருகிற சார்ஜர் நேராக பேட்டரியின் இரண்டு முனையையும் பிடித்துக்கொள்கிறது, அதற்கு அந்த போல்ட் தேவையே இல்லை. வண்டி ஓடும்போதுதான் கரண்டு வண்டியின் உடம்பு வழியாகத் திரும்ப வேண்டும். ஒயரைத் தொட்டுக்கொண்டே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கையை விட்டேன். மூலையில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஈரமாக ஏதோ தட்டுப்பட்டது. எலி என்று நினைத்துக் கையை உதறினேன். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். மஞ்சள் துணி மூட்டை ஒன்று, போல்ட்டின் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. ஜொகூர்க் காற்றின் ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டுக் கல்லுப்பு கசிந்து கசிந்து இறங்கியிருந்தது. போல்ட்டு இருந்த இடத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்குத்தான் இருந்தது.

மூட்டையை வெளியே எடுத்து அவர் முன்னால் பிடித்தேன். யார் முடிச்சு என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றுத் தண்ணீர் குலுங்க, குழாய் இருக்கிற இடத்தை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “எங்க அக்கா இருக்காளே...” என்றார். சிரிப்பு அடங்கியதும், “அவகிட்ட சொல்லாத புஷ்பா. தாங்க மாட்டா” என்றார்.

“சொல்லத்தான் போறேன்” என்றேன்.

அண்ணி அவர் வீட்டு வாசலில் ரப்பர் குழாயைப் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நான் மூட்டையை நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டுச் செடியைப் பார்த்தார்.

“எங்க இருந்துச்சோ அங்கயே கட்டிரு.”

“இதுனாலதான் அண்ணி பேட்ரி ஏறல. உப்பு எறங்கி போல்ட்ட அரிச்சிருச்சி. அன்னிக்கி உங்க தம்பி கட்டில்ல கெடந்து நடுங்குனாரு பாருங்க, அது இதுனாலதான்.”

சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஒரு கணம் தோன்றியது. குழாய் அவர் கையிலிருந்து நழுவிச் சேலையை நனைத்தது. “எனக்கு பேட்ரிய பத்தி என்னா தெரியும்?” என்றார். “அவனுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுன்னுதானே... நீ தூக்கிப் போட்டுருவன்னு உள்ள கட்டுனேன்.” பிறகு குரல் எகிறியது. “போற எடத்துல ஏதாச்சும் ஆச்சுன்னா? நடுரோட்டுல வச்சா அவன பாப்ப?”

“ஆமா. நடுரோட்டுல வச்சி பாப்பேன். ஓரமா நிறுத்தி, கைய கழுவிட்டு, பைய மாத்திட்டு, மறுபடியும் ஓட்டுவேன். வீட்டுல இருந்தா ஒண்ணும் ஆவாதா அண்ணி? செவுத்த பாத்துக்கிட்டு படுத்துக் கெடக்கிறாரே, அது என்னா? அதுக்கு எந்த உப்ப கட்டப் போறீங்க?”

“அவன் என் கையில வளந்தவன்.”

“தெரியும். அதுனாலதான் கத்தாம பேசறேன்.”

அடுத்த வீட்டு மலாய்க்காரம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்த அளவுக்குக் கத்திக்கொண்டுதான் இருந்தேன். குழாயை மூடிவிட்டு, மூட்டையை அங்கேயே சுவர்மேல் வைத்துவிட்டு வந்தேன்.

போல்ட்டைக் கழற்றி, பொருக்கைச் சுரண்டி, மணல்தாள் போட்டு இரும்பு பளபளக்கிற வரை தேய்த்தேன். அவர் படியில் உட்கார்ந்து, இன்னும் தேய், இன்னும் தேய் என்று உயிரை எடுத்தார். ஒயர் முனைக்கு, போல்ட் நுழைகிற புதுக் காது மாட்டி, இறுக்கி, கிரீஸ் தடவினோம். என்ஜினை ஓட விட்டதும் பெட்டியின் விளக்கு பச்சைக்கு வந்து அப்படியே நின்றது. இரண்டு பேரும் டிவி பார்க்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். “ஷேவ் பண்ணிக்கவா?” என்று கேட்டார். “ரொம்ப நல்லது” என்றேன்.

அந்த வாரமே கிளம்பினோம். ரூபேந்திரனுக்கு மெசேஜ் மட்டும் போட்டேன், அனுமதி கேட்கவில்லை. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியில் அண்ணி தெரிந்தார். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, வழியை மறித்த மாதிரி நின்றிருந்தார். கையில் புதிதாக ஒரு மஞ்சள் மூட்டை. நான் ஒரு வார்த்தை பேசினால் சண்டைக்குத் தயார் என்று முகம் சொன்னது. நான் இறங்கிப் போனேன். பக்கத்தில் போய்ப் பார்த்தபோதுதான் அழுது வீங்கிய கண் தெரிந்தது.

“குடுங்க” என்றேன்.

அவர் நம்பவில்லை. நானே வாங்கி, வண்டியின் பின்கதவில் இருக்கிற ஏணியின் மேல் கம்பியில், அவர் போடுகிற மாதிரியே மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன். “இது வெளிய இருந்து பாத்துக்கட்டும். உள்ள நான் பாத்துக்கிறேன்” என்றேன். அவர் ஏணியைத் தொட்டுப் பார்த்தார், வழியை விட்டு நகர்ந்தார்.

சிம்பாங் ரெங்கம் பக்கத்து அந்த ஓய்விடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினேன். அதே மரம், அதே இடம். ஜன்னலையெல்லாம் சாத்தி, தூசி பறக்காமலிருக்க விசிறியை நிறுத்தி, இரண்டு பேரும் வாயில் முகமூடி கட்டிக்கொண்டோம். உள்ளே புழுங்கியது. மெத்தையின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பையை எடுத்து அவர் கன்னத்துப் பக்கம் நீட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தண்ணீர் இறங்க ஆரம்பித்தபோது என் கை அவர் பாதத்தில் இருந்தது. நடுக்கம் வருமா என்று காத்திருந்தேன், வரவில்லை. நான்தான் முகமூடிக்குள் அழுதுகொண்டிருந்தேன். அவர் பார்த்துவிட்டு, “பேக்டரி வேன் ஓட்டுனவ அழுவுறா பாரு” என்றார்.

குளுவாங் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. செம்பனைக் காடுகளுக்கு நடுவே வைப்பர் போட்டுக்கொண்டு மெர்சிங் வரை மழையிலேயே ஓட்டினேன். அவர் முன்சீட்டில் உட்கார்ந்து, திரும்பித் திரும்பிச் சுவர் மீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தார். கடலோரம் சவுக்கு மரங்களுக்குக் கீழே போய் நின்றபோது மழை விட்டிருந்தது. என்ஜினை நிறுத்தியதும் அண்ணியிடமிருந்து போன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

“தண்ணி சூடா இருந்திச்சா?” என்றார்.

“சூடா இருந்திச்சி அண்ணி.”

“ம்” என்றார். போனை வைத்தார்.

என் வீட்டுக்காரர் அதற்குள் தானாக இறங்கி, வண்டியைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் போயிருந்தார். நான் போனபோது ஏணியில் இருந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மூட்டைக்குள் ஒன்றும் இல்லை. உப்பு மொத்தமும் வழியெல்லாம் கரைந்து ரோட்டில் போய்விட்டது. வெறும் துணியைக் கடலைப் பார்த்து நின்று இரண்டு கையாலும் பிழிந்தார். மஞ்சள் தண்ணீர் மணலில் சொட்டியது. பிழிந்ததை உதறி, முன்னால் நடந்து வந்து, நான் ஓட்டுகிற பக்கத்துக் கண்ணாடியில் காயப்போட்டார்.

“இங்கேருந்து மேல போனா எந்த ஊரு புஷ்பா?” என்று கேட்டார்.

கடல் காற்றில் துணி படபடத்துக் கண்ணாடியைப் பாதி மறைத்தது. நான் அதை எடுக்கவில்லை.